சாராளின் மூச்சுக்கு ஒவ்வாத பசை

சோழவரத்துச் சாராளின் அம்மாவும் அப்பாவும் பிறர் நிலத்தில் நடவும் அறுப்புமாகவே காலம் தள்ளியவர்கள். சாராள் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறி, மரத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பசை விட்டு, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் இரும்பு தாங்கும் பாரத்தைத் தாங்கும் உத்தரம் கிடைத்துவிடும். பசை விடும் மிஷின்தான் அவள் பொறுப்பு.

"நாங்க செய்ற மரத்துல மாடியே கட்டலாம், தெரியுமா?" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

முதலில் இருமல்தான் வந்தது. சளி என்று கஷாயம் குடித்தாள். பிறகு வேலை முடிந்து வீடு வரும்போதெல்லாம் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. லீவு நாளில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. ஒருநாள் மிஷின் பக்கத்திலேயே மூச்சு அடைத்துச் சரிந்துவிட்டாள்.

"அந்தப் பசை உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே கொஞ்சம் பட்டாலும் இழுக்கும்" என்றார் டாக்டர்.

"மாஸ்க் போட்டுக்கினுதான் நிக்கிறேன் டாக்டர். இன்னும் நல்லதா போட்டுக்கினா?"

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

சூப்பர்வைசர் துளசிராமன் நல்ல மனிதர். உத்தரங்களுக்கு வெளியே பிளாஸ்டிக் சுற்றும் வேலைக்கு அவளை மாற்றினார். பசை விடும் ஷெட்டின் கதவு திறந்தாலே அங்கும் இழுப்பு வந்தது.

"வேற எங்க போட்றது, நீயே சொல்லும்மா" என்றார். அவள் வேலையை விட்டாள்.

"உடு சாராளு, நீ நல்லா மூச்சு உட்டா போதும் எனக்கு" என்றான் புருஷன் இம்மானுவேல்.

"கோவப்படக்கூட ஒரு ஆளு இல்லியே! இந்த ஒடம்ப நான் இன்னாதான் பண்றது?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பொன்னேரி பக்கம், அந்தத் தொழிற்சாலையின் உத்தரங்களால் கட்டிய பள்ளிக்கூடம் திறந்தபோது, கூட வேலை செய்த மெர்சி வற்புறுத்தி அழைத்துப்போனாள்.

"பசை இறுகிப் பூடுச்சுக்கா, இப்ப ஒண்ணும் பண்ணாது. தொட்டுப் பாரு."

சாராள் தொட்டாள். இருமல் வரவில்லை. எந்த உத்தரம் தன் கையால் ஆனது என்று தேடிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மெர்சி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். சாராள் சாலையைக் கடந்து, சோழவரம் பஸ்ஸுக்காக நின்றாள்.