மூன்றாவது புட்டி

ஊசி என்றால் எனக்குப் பயம். விலங்கியல் வாத்தியார் இதை வெளியில் சொல்லக் கூடாதுதான். தவளையை அறுப்பேன். கரப்பான்பூச்சியின் வாயை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஸ்லைடில் வைப்பேன். பாம்பு மிதக்கும் ஃபார்மலின் ஜாடியைக் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துத் தூக்கி இடம் மாற்றுவேன். என் விரலில் ஊசி என்ற பேச்சு வந்தால் மட்டும் ஸ்டாஃப் ரூமில் ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரத்த வகை பார்க்கும் பிராக்டிகல் அன்றைக்கு மட்டும் ஒருவர்கூட லீவு போட மாட்டார்கள். பருத்தி எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்கூட அழுது அடம்பிடித்து வந்துவிடுவார்கள். என் பாடத்தின் கவர்ச்சி என்று சில வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அவரவர் ரத்தத்தின் கவர்ச்சி என்று பிறகு புரிந்தது.

வேலை சுலபம். ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, அடுத்ததில் மஞ்சள், மூன்றாவதில் நிறமே இல்லாதது. முதல் இரண்டும் ஏ, பி, ஓ என்று வகை சொல்லும். மூன்றாவது புட்டிதான் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும். பால் திரிவதுபோல ரத்தம் திரிந்தால் பாசிட்டிவ். அப்படியே கிடந்தால் நெகட்டிவ். எந்தப் புட்டியைத் திறந்தாலும், ஏற்கெனவே வகை தெரிந்த ஒருவருடைய ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, மருந்துக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். லேபில் வகை தெரிந்த ஒரே ஆள் நான். ஓ பாசிட்டிவ். வேலைக்குச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் என் விரல் எப்போதும் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

அந்த வருடம் வரிசை நம்பர்படி கூப்பிட்டேன். மூன்றாவது புட்டி கடைசிக்கு முந்தைய ஆளோடு தீர்ந்துபோனது. மிச்சம் ஒரே ஒருத்தி. குன்னம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண், கேட்டால் மட்டும் பேசுவாள். ஃப்ரிட்ஜைத் துழாவியதில் போன வருடத்துப் புட்டி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். திரியவில்லை.

"அடிச்சதும்மா யோகம்! இந்த வகுப்புலயே நெகட்டிவ் நீ ஒருத்திதான்" என்றேன். எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "இனிமே பொண்ணு பாக்கப் போனா ஜாதகத்தக் கேக்காதீங்கப்பா, ரத்தத்தக் கேளுங்க. நெகட்டிவ் பொண்ணு, பாசிட்டிவ் மாப்ள, ரெண்டாவது புள்ளைக்குத் தகராறு!"

ஒரே சிரிப்பு. அதற்கு இப்போது ஊசி மருந்து இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது பெல் அடித்துவிட்டது. அவளும் சிரித்தபடி ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். 'நெகட்டிவ்' என்று எழுதியிருந்ததற்குக் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பத்துப் பதினைந்து நாள் அவள் வரவில்லை. வந்த அன்று மத்தியானம் லேப் வாசலில் நின்றாள்.

"என்னம்மா நெகட்டிவ், காய்ச்சலா?"

"இல்லீங்க சார். அந்த டெஸ்ட்ட இன்னொரு தடவ பாக்க முடியுங்களா?"

"ஏன், ஒரு குத்து பத்தலையா?"

அவள் சிரிக்கவில்லை. "செந்துறையில பூ வச்சிருந்தாங்க சார். இப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மாப்பிள்ளையின் தெருக்காரி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். என் நகைச்சுவை அவளோடு பஸ் ஏறி, ஒரு சொல் குறையாமல் செந்துறையில் இறங்கியிருந்தது. பெல்லுக்கு அப்புறம் சொன்னது மட்டும் ஏறவில்லை.

"முன்னாடி வந்த மூணு எடமும் உடனே படிப்ப நிறுத்தச் சொன்னாங்க சார். முடிச்சுட்டே வரட்டும்னு சொன்னது அவரு ஒருத்தருதான். இப்ப எங்கப்பா, படிக்கப் போயித்தான இந்தக் கேடு வந்துச்சுங்கறாரு."

மாலை மூன்று மணிக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஸ்டாஃப் ரூம் மோர்ச்சட்டிக்குப் பின்னால் அதே புட்டி. கரண்ட் போகிற நாளெல்லாம் மோர் புளித்துவிட்டது என்று சண்டை பிடித்திருக்கிறேன். மோருக்குப் பக்கத்தில் இருந்த மருந்து என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. லேபிளில் காலாவதித் தேதி தாண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, என் விரலைக் குத்தினேன். வலி ஒரு எறும்புக் கடி அளவுகூட இல்லை. மருந்தை விட்டுக் கலக்கினேன்.

திரியவில்லை. அந்தப் புட்டியின் கணக்குப்படி நானும் நெகட்டிவ்.

மூன்று மணிக்கு வந்தவளிடம் நாளைக்கு என்றேன். சாயங்காலமே திருச்சிக்குப் போய்ப் புதுப் புட்டி வாங்கி வந்தேன். மறுநாள் முதலில் என் ரத்தம் திரிந்தது. அடுத்து அவளுடையது. ஸ்லைடை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்ப நான் நல்லாத்தான் இருக்கனா சார்?"

"முன்னயும் நல்லாத்தாம்மா இருந்த. கெட்டுப்போனது மருந்து. பாக்காம விட்டது நானு." அவளிடம் நான் கேலி கலக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அவளிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை அரியலூர் போய், பஸ் மாறி, செந்துறையில் இறங்கினேன். பையில் புதுப் புட்டி, ஸ்லைடு, ஊசி. வாசலில் மாப்பிள்ளையின் அம்மா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு இளைஞன் மருந்தடிக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் மாப்பிள்ளை என்று கேட்காமலே தெரிந்தது. பெண்ணின் வாத்தியார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஏன் சார், போன மாசம் நெகட்டிவ்வு, இந்த மாசம் பாசிட்டிவ்வா? அடுத்த மாசம் என்னவா மாறும்?"

வேறு இடமாக இருந்தால் அந்தக் கேள்வியை நானே கேட்டு நானே சிரித்திருப்பேன். "மருந்து கெட்டுப்போச்சுங்கம்மா. தப்பு எம்மேலதான். இருங்க, இங்கயே காட்டுறேன்" என்று சொல்லி ஸ்லைடை முறத்தின் ஓரத்தில் வைத்து என் விரலைக் குத்தினேன். ரத்தம் அழகாகத் திரிந்தது. அவர் ஸ்லைடைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்து, இரக்கப்பட்டு, முந்தானை ஓரத்திலிருந்து ஒரு துண்டுத் துணி கிழித்துக் கொடுத்தார்.

"எதுக்கு சார் உங்களுக்கு இந்த வேல? ஜாதகத்தப் பாக்காத, ரத்தத்தப் பாருன்னு சொன்னது நீங்கதானாமுல்ல? பாத்துட்டோம். அரும்பாவூர்ல எடம் முடிச்சாச்சு. அந்தப் புள்ளைக்கும் எங்கியாச்சும் அமையும், போயிட்டு வாங்க."

நான் எழுந்தபோது அவன் கையில் ஒரு சின்ன ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று செருப்பை மெதுவாக மாட்டினேன். அவன் குனிந்து ஸ்பிரிங்கை அதன் இடத்தில் பொருத்தினான்.

திங்கட்கிழமை அவள் எனக்கு முன்பே லேபுக்கு வந்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. என் முகத்தையும் விரலில் இருந்த துணிக்கட்டையும் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

"அவரு இருந்தாரா சார், வூட்ல?"

"இல்லம்மா. வெளியூர் போயிருந்தாரு."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்தே நான் கொடுத்த தவறான ரிசல்ட் அது ஒன்றுதான்.

பிறகு ரெக்கார்டு நோட்டை விரித்து வைத்தாள். பக்கம் கிழிக்கக் கூடாது என்பது விதி. 'நெகட்டிவ்' என்பதை அடித்து, மேலே 'பாசிட்டிவ்' என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அந்த வருடப் பரீட்சையை எழுதினாள். அந்தப் பிராக்டிகலுக்கு முழு மார்க். இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிய அன்று வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன்.