மூடிய வலது கை

கிழக்கேகோட்டையில் டீ ஆற்றியே ஆயுளைக் கழித்தவன் நான். முழங்கால் பிடித்துக்கொண்டதால் டாக்டர் நடக்கச் சொன்னார். போன மழைக்காலத்தில் பஸ் ஏறி, விதுரா பக்கம் ஆற்றோரக் காட்டுப்பாதைக்குப் போனேன். கிழவனும் நடக்கக்கூடிய சமமான பாதை. ஆனால் பின்னால் ஒருவன் வந்தான். நான் திரும்பும்போதெல்லாம் நின்று எதற்கோ குனிந்தான். வலது கையை மட்டும் இறுக்கி மூடியிருந்தான்.

மிளகாய்ப்பொடிதான் என்று முடிவே செய்துவிட்டேன். எங்கள் கடைக்கு எதிரே பூ விற்ற அம்மாளின் கண்ணில் அதைத் தூவித்தான் சங்கிலியை அறுத்தார்கள். நல்ல பிச்சிப்பூ வைத்திருப்பாள், அது கிடக்கட்டும். என் விரலில் இருந்தது கல்யாண மோதிரம். மனைவி போன பிறகு, அவள் கைபட்டதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கழற்றி நாக்குக்கு அடியில் ஒளித்தேன்.

"அண்ணாச்சி, அனங்காம நில்லுங்க!" என்று ஓடிவந்து என் காலடியில் குனிந்தான். மூடிய கை விரிந்தது. உப்பு. என் பின்னங்காலில் ரத்தம் குடித்து ஊதியிருந்த அட்டை சுருண்டு விழுந்தது.

"மழையில உப்பில்லாம காட்டுக்குள்ள கேறலாமா? நானே குனிஞ்சு குனிஞ்சு கால்ல அட்டை இருக்கான்னு பாத்துக்கிட்டுதான் வாறேன். வாயில என்ன, வெத்தலையா? துப்பிட்டுப் பேசுங்க."

துப்பினேன். உள்ளங்கையில் மோதிரம் விழுந்தது. அவன் அதையே பார்த்தான்.

"கள்ளன்னு நெனச்சாச்சு, இல்லியா?" என்று சிரித்தான். "செரி, நான் முன்னால போறேன். என்னைப் பாத்துக்கிட்டே வாங்க."

ஒருமுறைகூடத் திரும்பாமல் நடந்தான். முன்பின் தெரியாதவனுக்கு முதுகைக் காட்டி நடக்க அவனால் முடிந்தது. எனக்கு இந்த வயதிலும் அது வரவில்லை.