மடையானும் கணவாயும்

காலை ஆறு மணிக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து புறப்பட்டேன். மடியில் ஒரு கண்ணாடி பாட்டில், அதில் பார்மலினில் மிதக்கும் விரல் நீளக் கணவாய் மீன். சாலவாக்கம் பள்ளிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லையாம், வந்து ஒரு பாடம் நடத்தச் சொல்லியிருந்தார்கள். இருபது வருஷமாக நடத்தி எனக்கே அலுத்துப்போன பாடம்.

செங்கல்பட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன், உத்திரமேரூரில் இன்னொரு மணி. டவுன் பஸ்ஸில் டிக்கெட் அறுபது பைசா, உட்கார இடமில்லை. பத்தே முக்காலுக்கு, ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. கண்டக்டர் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிவரப் போனார்.

புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். எதிர்க் கழனியில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது துப்பாக்கியோடு ஒருவர் புல்லட்டில் வந்து நின்று, மடையான் கொக்கு ஏதாவது உண்டா என்று அவர்களைக் கேட்டார்.

"எல்லாம் காலைலயே ஏரிக்குப் பூட்ச்சிங்க" என்றாள் ஒருத்தி, நிமிராமலே. வரப்பைத் துளைக்கும் நண்டைத் தின்கிற பறவை என்பதால், துப்பாக்கிக்காரர்களுக்கு இங்கே யாரும் மடையானை அடையாளம் காட்டுவதில்லையாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் என்னிடம் வந்து, பாட்டிலில் என்ன என்றார். கேட்க ஆள் கிடைத்தால் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? கணவாய் மணலில் கிடந்தால் மணல் நிறம், பாசியில் பாசி நிறம், பயந்தால் மையைக் கக்கிவிட்டு மறைந்துவிடும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மடையானும் பாதி இப்படித்தான். உட்கார்ந்தால் சேற்று நிறம், கண்ணுக்கே தெரியாது. பயந்து எழுந்தால் வெள்ளை இறக்கை காட்டிக்கொடுத்துவிடும். அதோ, அந்த மதகோரம் பாருங்கள்" என்று விரலை நீட்டினேன்.

அவர் ஒரு கல்லை விட்டெறிந்தார். வெள்ளை வெளேரென்று எழுந்தது. ஒரே வெடி. கால்களைக் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் வரப்பேறி வந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அது பாட்டுக்கு மூச்சு காட்டாம குந்திக்கினு இருந்திச்சி சார். நீங்களும் சும்மா இருந்திருக்கலாம்."

வெட்கமாக இருந்தது. பள்ளியில் கணவாயைப் பற்றி மட்டும் பேசி முடித்தேன்.

மாலை நாலரைக்குத் திரும்பும் பஸ் அதே கழனியைத் தாண்டியது. மதகோரம் மண்ணாங்கட்டி போல ஒன்று அசையாமல் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார் கீது அங்க?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.