மூன்றாவது விருந்தாளி

மூளைக்கும் சேர்த்துச் சந்தனம் பூசிவிட்டான் போலிருக்கிறது இந்த மனுஷன்.

ஞானமேரி அப்படி நினைத்தாள், சொல்லவில்லை. மேலாளர் ராஜாமணி கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆயுத பூஜை முடிஞ்சா எங்காளுங்க மெஷினத் தொடமாட்டாங்க. நீ வேதக்காரி, உனக்கென்ன சாமி குத்தம்? இருந்து சம்பளக் கணக்கு, கிடங்குக் கணக்கு ரெண்டையும் மெஷின்ல ஏத்திட்டுப் போ. உன் பர்மனென்ட் ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகமிருக்கட்டும்."

எண்பத்தேழில், ஓசூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் நடந்தது இது. கட்டுக்கதை என்பவர்கள் மாரண்டஹள்ளிக்குப் போய் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆலை காலியானது. குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறையில் அவள் மட்டும்.

இருப்பது ஒரே கம்ப்யூட்டர்தான். அதற்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம். விருந்தாளிகள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால், மொத்த இயந்திரமும் தனக்கே என்று நம்பிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். ராஜாமணியைப் போல. உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

சம்பளக் கணக்குக்கு ஒரு விருந்தாளி. டேப்பிலிருந்து ஏற்றினாள். எழுந்தது. கிடங்குக்கு இன்னொன்று. அதுவும் எழுந்தது.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திரையில் கேட்டாள்.

மூன்று பெயர்கள்.

மூன்றாவது... ஆங்கில எழுத்தில், ராயம்மா.

அவள் உண்டாக்கியதல்ல. ராஜாமணியின் குசும்பா? அந்த ஆளுக்கு அவ்வளவு தெரிந்தால் ஆலை எப்போதோ உருப்பட்டிருக்கும். சிரித்தபடி அதை வெளியேற்றினாள்.

மறுபடி கேட்டாள்.

மூன்று.

எந்தத் திரையிலிருந்து நுழைந்திருக்கிறது என்று பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த அதே திரை.

சிரிப்பு நின்றது.

ஒரு வரி தானாக ஓடியது.

அக்கா கதவு

சரக்... சரக்...

கதவுப் பக்கம். வெளியிலிருந்து அல்ல. உள்ளே... தரையோடு... நகத்தால் பிறாண்டுவது போல.

அங்கே யாருமில்லை.

ஓடினாள். இழுத்தாள்.

வெளியே வாட்ச்மேன் மாதப்பன், கையில் பூட்டோடு.

"அய்யோ! உள்ள ஆளிருக்குதா? பூஜ நாளுன்னு பூட்டப் பாத்தனேம்மா..."

அவள் முதுகுக்குப் பின்னால்...

ஸ்ஸ்ஸ்ஸ்...

தீயே இல்லாத அறையில், மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு திறந்துகொண்டது.

கிடங்கு வேலைக்காரி குள்ளம்மாள் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் சொன்னாள். போன வருஷ ஆயுத பூஜையன்று இண்டூர் ராயம்மாளையும் ராஜாமணி இப்படித்தான் தனியாக உட்கார வைத்தாராம். அவளும் வேதக்காரி. தெரியாமல் வெளியே பூட்டிவிட்டார்கள். வாயு கசிந்தது. திறந்தபோது கதவடியில் குப்புறக் கிடந்தாளாம்.

"அப்ப இந்த மெஷின்ல அவ பேரு எப்பவோ பதிஞ்சிருக்கும்க்கா."

"இதுலயா? இது அவ செத்தப்புறம் வாங்கினது புள்ள."

மார்கழிக் கடைசியில் ராஜாமணி கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவளுடைய ஆர்டர். கையில் திறந்த பேனா. நெற்றியில் அதே சந்தனம்.

"பொங்கலுக்கும் நீயே வந்துரு மேரி. வேதக்காரிக்கு ஏது பொங்கல்?"

அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"வரமாட்டேங்க சார்."