ஏறிப்போன சுருதி

எழுபதுகளின் கடைசியில் தருமபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்கனும் வாசித்தேன். ஆர்கன் என்று நாங்கள் சொன்னோம்; அந்த மாதிரிக் கருவிக்கு சிந்தசைசர் என்று பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை நானே கட்டினேன். உள்ளே இரண்டு சர்க்யூட்டுகள். ஒன்று ஸ்வரத்தை எழுப்பும். மற்றது அதை வேகமாக ஆட்டும். குமிழைத் திருகி ஆட்டத்தைக் கூட்டினால் வெறும் பீப்பீ ஒலி மணியோசை போலக் கணீரென்று மாறும். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

கம்பைநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அன்று தபேலாவும் என் ஆர்கனும் மட்டும்தான். பாட வந்தவள் இண்டூர்ப் பெண். அவளுடைய அண்ணன் அரை மனதோடு கூட்டிவந்திருந்தார். தொடங்கும் முன் சுருதிப்பெட்டியோடு ஆர்கனைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் மணியோசைக்காகக் குமிழைத் திறந்தேன். அவள் குரல் கீழே நின்றது. திணறி மேலே ஏறினாள். நான் குமிழை மூடினேன். இப்போது குரல் மேலே நின்றது. பந்தலில் சிரிப்பு எழுந்தது.

"ஏம்மா, சுருதியே நிக்கலியே?" என்றார் குழுத் தலைவர், எல்லோர் எதிரிலும்.

"ஆர்கன்தாங்க நகருது."

அவர் என்னைப் பார்த்தார். "இப்பத்தான் சேத்துனேங்க. என்னுது சரியாத்தான் இருக்குது" என்றேன்.

அண்ணன் அவளை மேடையிலிருந்து இறக்கி அழைத்துப் போய்விட்டார்.

அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் கடையில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தியபடி குமிழை மெல்லத் திருகினேன். ஸ்வரம் ஏறியது, கிட்டத்தட்ட அரை ஸ்வரம். ஆட்டத்தில் ஸ்வரம் மேலே போகிற அளவுக்குக் கீழே வரவில்லை. நான் எப்போதும் குமிழை மூடிவைத்துத்தான் சுருதி சேர்த்திருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் பஸ் ஏறி இண்டூர் போய் அண்ணன், தங்கை இருவரிடமும் தப்பு ஆர்கனில்தான் என்று சொன்னேன்.

"அது சரிங்க. ஊரு சிரிச்சது சிரிச்சதுதானுங்களே" என்றார் அண்ணன்.

அவள் கதவருகில் நின்றாள். "நான் அப்பவே சொன்னேனுங்களே அண்ணா. ஒரு தடவ திருகிப் பாத்திருக்கலாமில்லீங்களா?"

அடுத்த பஸ்ஸில் தருமபுரி திரும்பினேன்.

தலைவரிடமும் சொன்னேன். அதற்குள் அவர் வேறு பாடகியைப் பிடித்துவிட்டார். ஆட்டம் கூடும்போது சுருதியைக் கீழே இழுத்துப் பிடிக்க இன்னொரு குமிழ் பொருத்தினேன். அதன்பின் ஆர்கன் நகரவில்லை. அவளை மறுபடி யாரும் மேடைக்கு அனுப்பவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.