ஆறாவது கட்டை

மினசோட்டாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மரவேலை சொல்லித்தரும் வெர்லின் டாஸ்ட்ரூட், முப்பது வருஷத்தில் ஒரு கோணல் சாமான்கூடச் செய்ததில்லை. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லுவார்.

வேதியியல் ஆசிரியை மார்ஜீன், பெற்றோர் வரும் நாளுக்காக அவரிடம் ஒரு வேலை கொடுத்தாள். லித்தியம் முதல் நியான் வரை எட்டு அணுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அந்த உயரத்துக்கு ஒரு கட்டை. வலப்பக்கம் போகப்போக உயரம் ஏறும் என்றும் சொல்லியிருந்தாள். அவள் தந்த அளவிலோ மூன்றாவதும் ஆறாவதும் முந்தினதைவிடக் குட்டை. பாவம், அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாள் என்று இரக்கப்பட்டு, வெர்லின் இரண்டையும் உயரமாக அறுத்து ஒட்டி, அடியில் தன் பெயரையும் செதுக்கிவிட்டார்.

பெற்றோர் வரும் நாளன்று மாலை நாலு மணிக்கு மார்ஜீன் வந்து பார்த்தாள்.

"என்ன வெர்லின், அணுவையே திருத்திட்டீங்களா?"

"படின்னா ஏறணும் டீச்சரம்மா."

"ஆறாவது ஆக்சிஜன். அதுல ரெண்டு எலக்ட்ரான் ஒரே கட்டில்ல படுத்து ஒண்ணையொண்ணு தள்ளுது. அதான் ஒண்ணை இழுக்கிறது சுலபம். அதுக்கு முந்தின நைட்ரஜன்ல ஆளுக்கொரு கட்டில்."

"அப்ப மூணாவது, போரான்?"

"அதோட கடைசி எலக்ட்ரான் பெரிலியத்தோடதைவிட ஒரு படி மேல உட்கார்ந்திருக்கு. லேசா கழண்டுரும்."

"குட்டையாக்கினா ஊரே சிரிக்குமே! கீழ என் பேரு இருக்கு."

"அப்ப பேரை அழிச்சிருங்க."

வெர்லின் பெருமூச்சு விட்டு, ரம்பத்தை எடுத்து இரண்டையும் சரியான அளவுக்கு அறுத்தார்.

ஆறு மணிக்குப் பெற்றோரில் முதல் ஆளாகப் பால்பண்ணைக்காரர் ரோல்ஃப் கையில் காபியோடு வந்தார். "ஆறாவது குட்டையா போச்சே, கண்ணு தெரியலையா?"

"உட்காரு, சொல்றேன்" என்றார் வெர்லின். ரோல்ஃபின் காபி ஆறிப்போகும்வரை விடவில்லை.