நூல் இல்லாத பாஸ்

சலவைக்கடையில் அவனை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். "அண்ணே" என்றால் முகம் சுண்டிவிடும். கடை அவனுடையதல்ல, மனைவியின் அண்ணனுடையது. மேற்பார்வை வேலைகூட, தங்கை முகத்துக்காக அவர் போட்ட பிச்சை. பீற்றலுக்கு மட்டும் குறைவில்லை.

"பாஸ்னா சும்மாவா? டச்சுக்காரன் பாஷையில எஜமான்னு அர்த்தம். அமெரிக்காவுல வேலைக்காரங்க 'எஜமான்'னு கூப்பிட மாட்டோம்னு முறுக்கிக்கிட்டு இந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டாங்க" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான். குனிய மனமில்லாதவர்கள் தேடிப்பிடித்த சொல்லை வைத்தே நாலு பேரைக் குனிய வைக்கிறோம் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

மச்சான் மட்டும் "மாப்ளே" என்பதைத் தாண்டவில்லை. அது அவனுக்கு ஓயாத உறுத்தல். அடுத்த தெருவில் திறக்கப்போகும் புதுக்கடை தன் கைக்கு வந்துவிட்டால் அவர் வாயிலும் பாஸ் வந்துவிடும் என்று காத்துக்கிடந்தான்.

அங்கே இஸ்திரி போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். தேய்த்து முடித்ததும் பித்தான் துளையில் அவரவர் நூலை முடிந்துவிடுவார்கள். துணி கருகினால் யார் கை என்று தெரியும். பாஸுக்கு நூல் கிடையாது. தொழில் தெரிந்தால்தானே!

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவசரமாகக் கேட்டிருந்த வக்கீல் கோட்டு ஒன்றை "இதென்ன பெரிய வித்தை" என்று தானே தேய்த்தான். முதுகில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. புதுக்கடை போச்சு! சட்டென்று கைக்குக் கிடைத்த பச்சை நூலை முடிந்து, கோட்டை அடுக்கில் செருகினான்.

சாயங்காலம் வக்கீல் வந்து தாம்தூம் என்று குதித்தார். மச்சான் கோட்டைக் கையில் எடுப்பதற்குள் பாஸ் முந்திக்கொண்டான்.

"பச்சை நூலு, மச்சான். அந்தப் பொம்பளைக்குக் கவனமே இல்ல. காலையில தேய்க்கும்போதே சத்தம் போட்டேன்."

இஸ்திரி மேசைகளில் கைகள் நின்றன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் நூலை நிதானமாக அவிழ்த்தார். "பச்சை நூல்காரி புள்ளை பெத்துக்கப் போயி ஒரு மாசமாச்சு. அவ மேசை காலியா கெடக்கறது உங்க கண்ணுல படவே இல்லையா, பாஸ்?"

அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.